மறு: கார் பிரேக்கின் பிரைமரி ஷூ, செகண்டரி ஷூ – தமிழில் எப்படி?

> பிரைமரி என்றால் முதன்மை, செகண்டரி என்றால் துணை. ஷூவுக்குக் 'கட்டை' போன வாரமே முடிவாகிவிட்டது. ஆகவே முதன்மைக் கட்டை, துணைக் கட்டை. கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாமா?

ஐயா, ஏற்றுவதற்கு முன் ஒரு நிமிடம்.

'கட்டை'யில் எனக்கு மறுப்பே இல்லை. தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுப் பழகியவர்கள் நாம். 'தடைக் காலணி' என்று யாராவது எழுதியிருந்தால்தான் சண்டைக்கு வந்திருப்பேன். சிக்கல் அடைமொழியில் இருக்கிறது.

என் கொட்டகையில் இப்போது பிரிந்து கிடப்பது 1966 ஃபோர்டு மஸ்டாங் கார், வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்). நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்: சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறத்தில் கட்டைகள் அழுந்தி வண்டியை நிறுத்தும். (அந்த ஆண்டு வண்டிக்கு ஷூ வாங்கப் போகிறவர் முதலில் சக்கர போல்ட்டை எண்ண வேண்டும். ஆறு சிலிண்டராக வெளிவந்த வண்டிக்கு 4 போல்ட், 9 அங்குல டிரம். வி8க்கு 5 போல்ட், 10 அங்குலம். பானெட்டைத் திறந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். அறுபது வருடத்தில் யாராவது இன்ஜினை மாற்றியிருப்பார்கள்.)

டிரம்மைக் கழற்றினால் இரண்டு கட்டைகள் எதிரெதிரே நிற்கும். வண்டியின் முகப்புப் பக்கம் இருப்பதில் லைனிங் (டிரம்மில் உரசும் பட்டை) குட்டை, வால் பக்கம் இருப்பதில் நீளம். இதில் குட்டைதான் பிரைமரி! 'முதன்மை' என்று படிப்பவர் எதை எடுத்து முன்னால் மாட்டுவார்? பெரியதைத்தான். நானே ஒரு சக்கரத்தில் அப்படி மாட்டிவிட்டு, தெருமுனையில் மிதித்ததும் வண்டி ஒரு பக்கமாக இழுக்க, வேர்த்துப்போய் வீடு திரும்பியவன்.

உள்ளே நடப்பதைப் பார்த்துப் பெயர் வைப்போம். மேலே ஓர் ஆங்கர் பின் (அசையாத முளை). கீழே இரண்டு கட்டைகளுக்கும் நடுவில் நட்சத்திரப் பல் வைத்த திருகு ஒன்று, எதிலும் பிணைக்காமல் மிதக்கிறது. பெடலை மிதித்ததும், சுழலும் டிரம் முன்னால் உள்ள கட்டையைத் தன்னோடு கீழே இழுக்கும். அது திருகைத் தள்ளும், திருகு எதிர்க் கட்டையைத் தள்ளும். அந்தக் கட்டை மேலேறி ஆங்கர் பின்னில் முட்டி நின்று, மொத்தச் சுமையையும் வாங்கிக்கொள்ளும். வேலையில் பெரும்பங்கு அதற்குத்தான், அதனால்தான் லைனிங்கும் நீளம். 'துணை' என்று சொன்னால் அதற்கே கோபம் வரும்.

என் பரிந்துரை: பிரைமரிக்குத் தள்ளுகட்டை, செகண்டரிக்குத் தாங்குகட்டை. சுடுசோறு, ஊறுகாய் மாதிரி வினைத்தொகை. நடுவில் ஒற்றும் மிகாது.

> தம்பி, நன்றாக இருக்கிறது. ஆனால் ரிவர்ஸில் பிரேக் பிடித்தால் டிரம் எதிர்ப்பக்கம் சுழலுமே? அப்போது தாங்குகட்டை தள்ளும், தள்ளுகட்டை தாங்கும். பேசாமல் முன்கட்டை, பின்கட்டை என்று வைத்தால் என்ன?

சரியான கேள்வி ஐயா. ரிவர்ஸில் வேலை மாறுவது உண்மைதான். அந்த வண்டியில் லைனிங் தேயத் தேயத் திருகைத் தானாக ஒரு பல் நகர்த்துவதும் ரிவர்ஸில் பிடிக்கும் பிரேக்தான். ஆனால் லைனிங்கின் நீளத்தை முடிவு செய்தது முன்னோக்கிய ஓட்டம். பெயரையும் அதுவே முடிவு செய்யட்டும்.

முன்கட்டை, பின்கட்டையை நானும் யோசித்தேன். 'பின்சக்கரத்தின் முன்கட்டை' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். குனிந்து கிரீஸ் கையோடு இருப்பவனுக்கு அது விடுகதை. கடையில் போய் 'முன்கட்டை கொடுங்கள்' என்றால் முன்சக்கர ஷூவைத்தான் எடுத்து வைப்பார்கள்.

அப்புறம் அந்தத் திருகு. இடச் சக்கரத்துத் திருகுக்கும் வலச் சக்கரத்துத் திருகுக்கும் மரை (திருகின் சுற்றுவரி) நேரெதிர். மாற்றிப் போட்டால் ஒவ்வொரு தடவையும் இறுகுவதற்குப் பதில் தளர்ந்துகொண்டே போகும். பெடலும் கீழே கீழே போகும். அதனால் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்தைப் பிரியுங்கள் என்று குறிப்பில் ஒரு வரி சேர்க்கலாம். பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்று இன்னொரு வரி.

பெயருக்கு 'நட்சத்திரத் திருகு' போதும். மரைக்கு எதுவும் புதிதாக ஆக்க வேண்டாம். இடமரை, வலமரை என்பவை பட்டறையில் ஏற்கெனவே புழங்குகின்றன.