விரல்ரேகைகளை வகைப்படுத்தும் ஹென்றி முறை உண்மையில் யாருடையது?

சட்டம்_மூணாம்_வருஷம்
பழைய சாட்சியச் சட்டம் 45-ஆம் பிரிவுக்குக் குறிப்பு எடுத்துட்டு இருக்கேன் (இப்போ பாரதிய சாட்சிய அதினியத்தில் 39). நிபுணர் கருத்துப் பட்டியலில் விரல்ரேகை 1899 திருத்தத்தில்தான் சேர்ந்திருக்கு. புத்தகத்தில் ஹெர்ஷல், ஃபால்ட்ஸ், கால்டன், ஹென்றினு நாலு வெள்ளைக்காரர் பேர் வருது. இதில் யார் என்ன செஞ்சாங்க? கல்கத்தாவுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

நெல்லை_குமார்
ஹெர்ஷல் கதை மட்டும் தெரியும். 1858, வங்காளத்தில் ஜங்கிப்பூர். ராஜ்யதர் கோனாய்னு ஒரு ஒப்பந்தக்காரர் ரோடு போடச் சரக்கு தர ஒத்துக்கிட்டார். பின்னாடி "நான் கையெழுத்தே போடலை"னு சொல்லிடக் கூடாதேன்னு, பத்திரத்தில் உள்ளங்கையையே பதிய வெச்சார் அங்கே அதிகாரியா இருந்த ஹெர்ஷல். குற்றவாளியைப் பிடிக்க இல்லை, ஆளைப் பயமுறுத்த.

ரிட்டையர்டு_ரேகை
தம்பி, நான் ரேகைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒருத்தன் ரேகை இன்னொருத்தனுக்கு வராதுன்னு சொல்றது பாதி வேலைதான். பீரோ நிறைய ரேகை பதிஞ்ச ஸ்லிப் இருக்கு, பிடிபட்டவன் பொய்ப் பேர் சொல்றான். அவன் பழைய ஸ்லிப்பை எங்கே போய்த் தேடுவீங்க? கால்டன் ரேகைகளை வில், கண்ணி, சுழின்னு மூணு வடிவமா பிரிச்சார். ஆனா ஒரே பிரிவில் ஏகப்பட்ட ஸ்லிப் விழுந்தது.

வங்காள போலீஸ் ஐ.ஜி.யா இருந்த ஹென்றி இதை அஸீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ்னு ரெண்டு பேர்கிட்ட கொடுத்தார். ஹக் கணக்குப் புலி. பத்து விரலையும் அஞ்சு ஜோடியாக்கினாங்க. ஜோடிகளுக்கு வரிசையா 16, 8, 4, 2, 1 மதிப்பு. சுழி இருந்தா அந்த மதிப்பு, இல்லேன்னா பூஜ்யம். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு விரலோட மதிப்பு பின்னத்தில் மேலே, இன்னொரு விரலோடது கீழே. கூட்டி, ரெண்டு பக்கமும் 1 சேர்த்தா ஒரு பின்னம் வரும். வலது பெருவிரலிலும் வலது மோதிர விரலிலும் மட்டும் சுழின்னா 9/17 (மேலே 8+1, கீழே 16+1). மொத்தம் 32 x 32, 1024 அறை. நேரா அந்த அறைக்குப் போகலாம்.

சுழியே இல்லாதவங்க எல்லாம் 1/1. அந்த அறை எப்பவும் பிதுங்கும். அங்கே கண்ணிக்குள்ள எத்தனை கோடுன்னு லென்ஸ் வெச்சு எண்ணணும். கண்ணு போயிடும்!

1897-ல் அரசு இந்த முறையை ஏத்துக்கிட்டது. அதுவரை பெர்ட்டியோன் முறைப்படி தலை, கை, கால் அளந்துக்கிட்டு இருந்தாங்க. அளக்கிறவர் மாறினா அளவும் மாறும்.

சட்டம்_மூணாம்_வருஷம்
அருமைங்க ஐயா. கோர்ட்டில் முதல்ல எந்த வழக்கில் வந்தது?

ரிட்டையர்டு_ரேகை
இந்தியாவில் ஜல்பைகுரி. 1897-ல் தேயிலைத் தோட்ட மேனேஜர் ஒருத்தர் கழுத்து அறுபட்டுச் செத்துக் கிடந்தார். பெட்டியில் இருந்த வங்காளிப் பஞ்சாங்கத்தில் பழுப்பா ரேகைக் கறை. அது ரத்தம்னு கல்கத்தா கெமிக்கல் எக்ஸாமினர் (அரசு ரசாயனப் பரிசோதகர்) சொன்னார். மேனேஜர்கிட்ட வேலை பார்த்து, திருடிச் சிறைக்குப் போன காங்காலி சரணின் வலது பெருவிரல் ஸ்லிப்போடு ரேகை ஒத்துப் போச்சு. 1898 தீர்ப்பில் திருட்டுக்குத் தண்டனை, கொலைக்கு விடுதலை. பஞ்சாங்கத்தைத் தொட்டான்னு ரேகை சொல்லும், கத்தியை யார் பிடிச்சாங்கன்னு சொல்லாது. அந்தத் தீர்ப்பு சரின்னுதான் என் கட்சி. ரேகை ஒத்தா கேஸ் முடிஞ்சதுன்னு நினைக்கிற இன்ஸ்பெக்டர்கள்கிட்ட இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனேன்.

நெல்லை_குமார்
அந்த கெமிக்கல் எக்ஸாமினர் பதவிக்கு நம்ம ஊர்தான் முன்னோடி. மெட்ராஸில் 1849-லேயே ஆய்வுக்கூடம் வந்தாச்சு. பெரும்பாலும் விஷச் சாவு கேஸ்கள்.

சட்டம்_மூணாம்_வருஷம்
அப்போ ஹக், போஸ் பேர் ஏன் முறையில் இல்லை?

ரிட்டையர்டு_ரேகை
மேலதிகாரி பேர்தானே வைப்பாங்க. ஹென்றி 1901-ல் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போய், 1903-ல் லண்டன் கமிஷனர் ஆனார். ஹக்குக்கு கான் பகதூர் பட்டம், போஸுக்கு ராய் பகதூர் பட்டம், ஆளுக்கு 5,000 ரூபாய். தன் ஆட்களில் ஹக்தான் அதிகம் செய்தவர்னு ஹென்றியே பின்னாளில் எழுதிக் கொடுத்தார், அதையும் சொல்லணும். பரீட்சையில் ஹென்றி முறைன்னே எழுதுங்க. அடுத்த வரியில் இந்த ரெண்டு பேரையும் எழுதினா மார்க் குறையாது.