13, 17 ஆண்டுச் சிள்வண்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

இல்லினாயிலிருந்து:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் தமிழ்ப் பள்ளிக்காக, இந்த மாநிலத்துப் பூச்சிகளைப் பற்றி ஒரு சிறு நூல் தயாராகிறது. பல ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகக் கிளம்பும் சிள்வண்டுகளில், 2024-இல் இங்கே 13-ஆம் தொகுதியும் 19-ஆம் தொகுதியும் ஒரே ஆண்டில் மண்ணைவிட்டு வெளியே வந்தன. முன்னது 17 ஆண்டுக்கு ஒருமுறை வருவது, பின்னது 13 ஆண்டுக்கு ஒருமுறை. இதற்குமுன் இரண்டும் ஒரே ஆண்டில் வந்தது 1803-இல். இனி 2245-இல்தான். பிள்ளைகள் பலர் அதை நேரில் பார்த்தவர்கள் என்பதால் இந்தப் பகுதியைத்தான் முதலில் புரட்டுவார்கள்.

இரண்டு சொல் வேண்டும். ஒன்று, இந்தப் பூச்சி வகைக்கு. 'பருவச் சிள்வண்டு' என்று எழுதி வைத்திருக்கிறேன். மற்றொன்று, ஒரே ஆண்டில் சேர்ந்து வரும் கூட்டத்துக்கு, அதாவது ப்ரூட் என்கிறார்களே, அதற்கு. இப்போதைக்குத் 'தொகுதி'. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சரியா என்று சொல்லுங்கள்.

———

மதுரையிலிருந்து:

அம்மா, சங்க நூல்களில் இதன் பெயர் சிள்வீடு. 'தேர்மணி இசையின் சிள்வீடு ஆர்க்கும்' என்பது அகநானூறு. பதிற்றுப்பத்தில் வறண்ட காட்டில் 'சிதடி கரைய' என்று வரும். அந்தச் சிதடியையும் சிள்வீடு என்றே கொள்வர். சிள் என்பது ஒலிக்குறிப்பு. வீடு? சுடு என்பது சூடு ஆனதுபோல் விடு என்பது வீடு ஆயிற்று, முதனிலை திரிந்த தொழிற்பெயர். ஒலி விடுவதால் வந்ததா, மண்ணையும் பிறகு தன் ஓட்டையும் விட்டு வருவதால் வந்ததா என்பதை நெடுநாளாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவதே என் துணிபு. உங்கள் பூச்சிக்கு அதைவிடப் பொருந்தும் பெயர் உண்டா?

கூட்டத்துக்கும் அதே இலக்கணத்தில் சொல் இருக்கிறது: ஈடு. இடு என்பதன் திரிபு. ஒரு ஈடு இட்லி என்கிறோம். ஒன்றாக உள்ளே போய் ஒன்றாக வெந்து ஒன்றாக வெளியே வருவது. 13-ஆம் ஈடு, 19-ஆம் ஈடு என்று எழுதுங்கள். ஆவர்த்தனம் என்று வடசொல்லில் யாரும் தொடங்கிவிட வேண்டாம், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

———

கோவையிலிருந்து:

பூச்சியியல் படித்தவன் என்ற முறையில் என் கவலை 'பருவம்' மேல்தான். ஒவ்வொரு கோடையிலும் கத்தும் சிள்வண்டுகள் இல்லினாயிலும் உண்டு. அவற்றின் குஞ்சுகளும் மண்ணுக்குள் சில ஆண்டுகள் வளர்பவைதான், ஆனால் வயது கலந்து கிடப்பதால் ஆண்டுதோறும் ஒரு பங்கு வெளியே வந்துவிடும். பருவந்தோறும் வருபவை அவைதான்.

நீங்கள் பெயர் கேட்கும் மேஜிசிக்காடா பேரினத்தின் 7 இனங்கள் அப்படி இல்லை. 17 ஆண்டு இனங்கள் 3, 13 ஆண்டு இனங்கள் 4. ஒரு தொகுதியில் உள்ளவை எல்லாமே ஒரே வயது. உரிய ஆண்டின் வசந்தத்தில் 20 செ.மீ. ஆழத்து மண் சுமார் 18 பாகை செல்சியஸை எட்டியதும் பொலபொலவென்று கிளம்பிவிடும். ஒரு ஏக்கரில் 15 லட்சம் வரை கணக்கிட்டிருக்கிறார்கள். பறவையும் அணிலும் வயிறு முட்டத் தின்ற பிறகும் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம்தான் மரக்கிளையைக் கீறி முட்டையிடுகிறது.

'நெட்டுறக்கச் சிள்வண்டு' என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டார். அது தவறு. மண்ணுக்குள் அவை உறங்குவதில்லை. வேரின் சாற்றை உறிஞ்சிக்கொண்டு, தோலுரித்து, வளர்ந்துகொண்டே இருக்கின்றன. ஆண்டை எப்படி எண்ணுகின்றன என்பதற்குக் கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் கார்பன் குழு செய்த சோதனை ஒன்று 2000-இல் வெளிவந்தது. பீச் மரங்களை ஒரே ஆண்டில் இருமுறை தளிர்க்க வைத்தார்கள். வேரில் இருந்த 17 ஆண்டுக் குஞ்சுகள் ஓராண்டு முந்தியே வெளியே வந்துவிட்டன. எண்ணியது நாட்காட்டியை அல்ல, மரத்தின் சுற்றை.

அதனால் 'முறைச் சிள்வண்டு' என்கிறேன். முறைக்காய்ச்சல் என்று நம் பாட்டிமார் சொன்னது விட்டுவிட்டு வரும் காய்ச்சலை. வாய்க்காலில் முறைத்தண்ணீர் உண்டு. ஒருமுறை, இருமுறை என்று எண்ணுவதற்கும் இதே சொல்தான். எண்ணுவதும் தன் முறைக்குக் காத்திருப்பதும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

———

யாழ்ப்பாணத்திலிருந்து:

பெரியவர் குறைநினைக்கக் கூடாது. எங்கள் பக்கம் ஈடு என்றால் காணியை ஈடு வைப்பதுதான் முதலில் மனதில் வரும். சிள்வீடும் வேண்டாம், பிள்ளைகள் அதைக் குடியிருக்கும் வீடு என்றுதான் படிப்பார்கள். சிள்வண்டு எல்லோருக்கும் விளங்கும்.

முறை பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. 10-ஆம் தொகுதி 2021-இல் வரவேண்டியது. அதில் ஒரு பகுதி 2017-லேயே, நான்கு ஆண்டு முந்தி வந்துவிட்டது. இவற்றை 'முறை தப்பியவை' என்றால் ஒழுக்கம் கெட்டதுபோல ஒலிக்கும். 'தவணைச் சிள்வண்டு' என்று வைத்தால் 'தவணைக்கு முந்தியவை' என்று சொல்லிவிடலாம். பள்ளிக்கூடத் தவணை எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல். நீளம் வரையறுத்த காலம் என்ற பொருளும் உள்ளே இருக்கிறது.

———

மதுரையிலிருந்து:

ஈடு வைப்பது மட்டுமா? திருவாய்மொழி உரைக்கும் ஈடு என்றுதான் பெயர், ஈடு முப்பத்தாறாயிரப்படி. ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது குறையே அல்ல. இடம் பார்த்துப் பொருள் கொள்ளப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதுதான். எளிமை எளிமை என்று ஒவ்வொன்றாக விட்டால் மிஞ்சுவது எது? சிள்வீட்டை அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள் அம்மா.

———

கோவையிலிருந்து:

தவணை நல்ல சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் அதைக் கேட்டதும் வங்கிக் கடன்தான் நினைவுக்கு வரும். இன்னொன்று, இது அமெரிக்காவோடு நிற்கும் சொல் அல்ல. மேகாலயாவின் ரி-போய் மாவட்டத்தில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, உலகக் கோப்பைக் கால்பந்து நடக்கும் ஆண்டுகளில், ஒரு சிள்வண்டு வருகிறது. ஃபிஜியின் நனாய் என்ற சிள்வண்டுக்கு 8 ஆண்டு. அதன் படம் அந்நாட்டு 100 டாலர் தாளிலேயே இருக்கிறது. இவை மூன்றுக்கும் பொதுவாக நிற்கும் சொல்லை இப்போதே முடிவு செய்துவிட்டால் நல்லது.

———

இல்லினாயிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. தனிமடல்களையும் சேர்த்தால் முறைச் சிள்வண்டு பக்கம்தான் ஆள் அதிகம், அதையே வைத்துவிட்டேன். முந்தி வந்தவற்றுக்கு யாழ்ப்பாண நண்பரின் 'தவணைக்கு முந்தியவை'யை எடுத்துக்கொண்டேன். இரண்டு சொல்லும் ஒரே பக்கத்தில் வருகின்றன, பொறுத்துக்கொள்ளுங்கள். சிள்வீடு, அகநானூற்று வரியோடு பெட்டிச் செய்தியாக வருகிறது ஐயா. ஈடு மட்டும் முடியவில்லை, தொகுதியே இருக்கட்டும்.

———

மதுரையிலிருந்து:

பெட்டிச் செய்திக்கு நன்றி அம்மா. தொகுதி என்றால் யாரோ பிரித்து வைத்தது. இவை ஒரே கோடையில் ஒன்றாக மண்ணுக்குள் இறங்கியவை. கனெக்டிகட்டில் 1954-க்குப் பிறகு காணாமல் போன 11-ஆம் கூட்டத்தைப் பற்றியும் எழுதியிருப்பீர்கள். அந்த ஒரு வரியிலாவது ஈடு என்று போடுங்கள். இல்லையென்றால் மறுபதிப்பின்போது மீண்டும் எழுதுவேன்.