மலை இறக்கத்தில் பெடல் உள்ளே போனபோது: பிரேக் டிஸ்க், பேட் மாற்றியவர்களின் அனுபவங்கள்

சேலம்_டிஎஸ்ஐ:

நடந்து ஒரு வருடம் ஆகப் போகிறது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. வண்டி போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஸ்டேஜ் 1 ரீமேப், அதாவது இன்ஜின் மென்பொருளை மாற்றிப் பவர் கூட்டியது. பிரேக் மட்டும் கம்பெனியில் வந்ததுதான். கொல்லிமலையிலிருந்து இறங்குகிறோம், ஐந்து பேர், டிக்கி நிறைய அன்னாசியும் பலாவும். எழுபது கொண்டை ஊசி வளைவில் பாதிக்கு மேல் முடிந்திருக்கும். ஆட்டோமேட்டிக் வண்டி, கியரைக் குறைக்காமல் டி-யிலேயே விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினேன். அது என் தப்பு.

ஒரு வளைவுக்கு முன்னால் மிதித்தேன், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. மறுபடி மிதித்தேன், பாதிதான் பிடித்தது. எதிரே ஏறி வந்த பஸ்ஸின் டிரைவர் அதற்குள் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "கியரைக் குறை தம்பி, கியரைக் குறை!" என்று கத்தினார். குறைத்தேன், ஹேண்ட் பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன், நின்றது. பின் சீட்டில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் பெடல் கல் மாதிரி நின்றது. "ஒன்றும் இல்லையே சார்" என்றார்கள். பிரேக் ஆயிலை மாற்றி நான்கு வருடம் ஆகியிருந்தது, நான் கேட்ட பிறகுதான் பார்த்தார்கள். பழைய ஆயில் ஈரத்தை உறிஞ்சி, சூட்டில் கொதித்துக் குமிழி விடும், ஆறியதும் பெடல் பழையபடி ஆகிவிடும். புது டாட் 4 ஆயில், முன்னால் ஃபெரோடோ கம்பெனி பேட் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கட்டை), இறக்கத்தில் இரண்டாம் கியர். இந்த மூன்றோடு அதே இறக்கத்தில் போன மாதம் இறங்கினேன். கடைசி வளைவிலும் பெடல் இறங்கவில்லை. இப்போது கம்பெனி டிஸ்க்கைவிடப் பெரிய 288 மி.மீ. டிஸ்க் போடலாம் என்று நினைக்கிறேன். போட்டவர்கள் சொல்லுங்கள்.

கோவை_விஆர்எஸ்:

288 பற்றி எனக்குத் தெரியாது, என்னுடையது ஆக்டேவியா. ஆனால் டிஸ்க் வாங்கும்போது துளை போட்டதை மட்டும் வாங்காதீர்கள். நான் வாங்கினேன், அலாய் சக்கரத்துக்கு நடுவே பார்க்க அழகாக இருக்கும் என்றுதான். எட்டு மாதம் கழித்து டயர் இடம் மாற்றப் போனேன். அங்கே வேலை செய்கிற பையன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, "அண்ணா, இங்கே நகத்தை வைத்துப் பாருங்க" என்றான். ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு ஓடிய விரிசல், அங்கிருந்து டிஸ்க்கின் வெளி விளிம்பு வரைக்கும். நகம் மாட்டியது. அதற்கு முந்தைய ஞாயிறுதான் ஆழியாறிலிருந்து வால்பாறைக்குக் குழந்தைகளோடு நாற்பது வளைவு ஏறி இறங்கியிருந்தேன். அந்தப் பையன் சொல்லாமல் இருந்திருந்தால் என்று ராத்திரியில் இப்போதும் நினைப்பு வரும்.

இப்போது துளையும் கிடையாது, மேலே பள்ளமாக வெட்டிய கோடும் கிடையாது. உள்ளே காற்று போக இடைவெளி உள்ள சாதாரண வென்டிலேட்டட் டிஸ்க்.

டிராக்_டே_நண்பன்:

கோவை நண்பரே, உங்கள் பயம் நியாயம். ஆனால் துளை போட்டாலே விரிசல் வரும் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. போர்ஷேவில் தொழிற்சாலையிலிருந்தே துளை போட்ட டிஸ்க் வருகிறது. விலை குறைந்த டிஸ்க்கை வாங்கி, பிறகு டிரில்லை வைத்துத் துளைத்து விற்பதுதான் ஆபத்து. துளையைச் சுற்றிச் சின்ன மயிரிழை விரிசல் வருவது வேறு, விளிம்பைத் தொட்ட விரிசல் வேறு. இரண்டாவது வந்தால் அன்றைக்கே கழற்ற வேண்டும், அதில் பேச்சே இல்லை. சாலைக்குத் துளை தேவையில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். கோடு போட்டது வேண்டுமானால் பரவாயில்லை, தூசியையும் தண்ணீரையும் வழித்து விடும். கொஞ்சம் சத்தம் வரும்.

என்னை உறுத்துவது பேட். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டுவதற்காக, பந்தயத்துக்கென்றே விற்கிற பேட் போட்டேன். டிராக்கில் சொர்க்கம். கழற்ற நேரமில்லாமல் திங்கட்கிழமை அதோடு ஆபீஸ் கிளம்பினேன். காலை ஆறு மணி, தூறல், ஓ.எம்.ஆரில் பால் கேன் கட்டிய சைக்கிள் குறுக்கே வந்தது. மிதித்தேன், மரக்கட்டையை அழுத்துகிற மாதிரி இருந்தது, வண்டி போய்க்கொண்டே இருந்தது. பெடல் உள்ளே போகவில்லை, ஆனால் பிடிக்கவில்லை. அந்த பேட் சூடானால்தான் வேலை செய்யும். சைக்கிள்காரர் ஒரு முழ இடைவெளியில் தப்பினார். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை, அவருக்குத் தெரியாது.

பேட்டின் முதுகில் இரண்டு எழுத்து அச்சடித்திருக்கும், எஃப்எஃப், ஜிஜி என்று. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள பிடிமானம், இரண்டாவது அதிகச் சூட்டில். எஃப் என்றால் உராய்வு எண் 0.35 முதல் 0.45 வரை. சாலையில் முதல் மிதி முக்கியம். டப்பாவில் எத்தனை டிகிரி தாங்கும் என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

பழைய_ஒர்க்‌ஷாப்:

பிள்ளைகளே, முப்பது வருடமாகச் சக்கரம் கழற்றுகிறவன் சொல்கிறேன். ஒருவர் புது டிஸ்க் போட்டு, ஸ்டியரிங் ஆடுகிறது என்று மூன்று முறை வந்தார். மூன்று முறையும் டிஸ்க்கைத்தான் குறை சொன்னோம். நான்காம் முறை ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தால், டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் அரிசி அளவுத் துரு. அதைச் சுரண்டி எடுத்ததும் சரியாகிவிட்டது. அவர் கொடுத்த பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன், அவர் வாங்கவில்லை.

அதனால் கேளுங்கள். டிஸ்க் மாட்டுவதற்கு முன்னால் ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும் வரை தேய்க்க வேண்டும். புது டிஸ்க்கில் பூசி வரும் எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். பேட்டை அழுத்தும் காலிப்பர் நகர்கிற பின்னுக்குச் சாதாரண கிரீஸ் வைத்தால் ரப்பர் ஊதிப் பின் சிக்கிக்கொள்ளும், பிரேக்குக்கென்று உள்ள சிலிகோன் கிரீஸ்தான் வேண்டும். போல்ட்டை ஏர் கன்னில் அடித்து முடிக்காமல் இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சால் எதிரெதிராக முறுக்க வேண்டும். பிறகு பேட்டைப் பழக்க வேண்டும், இதை யாரும் செய்வதே இல்லை. காலியான சாலையில் 80-லிருந்து 20 வரைக்கும் அழுத்தமாகக் குறைத்து, நிற்காமல் மறுபடி வேகம் எடுத்து, எட்டுப் பத்து முறை. அப்புறம் பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆற விட வேண்டும். பேட்டின் ஒரு படலம் டிஸ்க் முழுக்கச் சமமாக ஒட்ட வேண்டும், அதற்காகத்தான் இது. கடைசியாக, டிஸ்க் ஓரத்தில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். அதற்குக் கீழே போனதை லேத்தில் கொடுத்துத் தேய்த்துத் தரச் சொல்லி என்னிடம் வராதீர்கள்.

ஓசூர்_ஜெ:

ஐயா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். துரு இல்லாமலும் ஆடும். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடிக்கு முன்னால் 120-லிருந்து ஒரே மிதியாக நிறுத்தி, வரிசையில் பிரேக்கை அழுத்தியபடியே இரண்டு நிமிடம் நின்றேன். பேட் புதிது, பழக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் டிஸ்க்கில் பேட்டின் உருவம் அச்சு மாதிரி பதிந்திருந்தது, சாம்பல் நிறத்தில். அன்று முதல் 90-க்கு மேல் ஸ்டியரிங் உதறல். டிஸ்க் வளைந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். வளையவில்லை, ஒட்டியிருந்தது. ஐயா சொன்ன மாதிரி இரண்டு தடவை பழக்கியதில் முக்கால்வாசி போய்விட்டது.

சேலம் தம்பிக்கு: 288 போட்டால் நிற்கும் தூரம் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அழுத்தி மிதித்தால் இப்போதே ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) உதறுகிறது என்றால், டயரின் பிடிமானம்தான் எல்லை. பெரிய டிஸ்க் சூட்டை மெதுவாக ஏற்றும், அதுதான் லாபம். ஸ்டெப்னி சக்கரம் அந்தக் காலிப்பர் மேல் உட்காருமா என்று முதலில் வைத்துப் பாருங்கள். பின்னால் டிரம் அப்படியே இருக்கும், அதையும் யோசியுங்கள்.

சேலம்_டிஎஸ்ஐ:

நன்றி அண்ணா, ஐயாவுக்கும் நன்றி. 288-ஐ இப்போதைக்குத் தள்ளி வைக்கிறேன், முதலில் டயர். ஆயில் மாற்றிய தேதியைப் பானெட்டுக்குள் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிட்டேன், இரண்டு வருடக் கணக்கு.

போன மாதம் இறங்கும்போது சேந்தமங்கலத்தில் அதே பஸ் நின்றிருந்தது, கண்ணாடியில் எழுதியிருந்த சாமி பெயரை வைத்து அடையாளம் தெரிந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். டிரைவர் சீட்டில் வேறு ஒருவர் இருந்தார்.