புதுப்பிப்பு: ஜி7 கார்டு ஏன் சி மேஜருக்கே போகிறது? விடை கிடைத்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கீபோர்டில் ஜி7 (ஜி, பி, டி, எஃப் என்ற நாலு சுரங்களைச் சேர்த்து அழுத்தும் கார்டு) வாசித்ததும், காது ஏன் அடுத்து சி மேஜர் கார்டையே (சி, ஈ, ஜி) எதிர்பார்க்கிறது என்பதுதான் என் கேள்வி. 'நாலு சுரமும் வேண்டாம், பி-யையும் எஃப்-ஐயும் மட்டும் சேர்த்து அழுத்துங்கள்' என்ற யோசனைதான் வேலை செய்தது. அந்த இரண்டுமே ஒத்துப்போகாமல் உறுத்துகின்றன. பி பக்கத்துக் கட்டைக்கு ஏறி சி ஆகிறது, எஃப் ஒரு கட்டை இறங்கி ஈ ஆகிறது. சரி, இழுபறி தீர்ந்தது. சுரங்களுக்கு இடையிலான இடைவெளிகளை மனப்பாடம் செய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

எதிர்பாராதது: டி ஃபிளாட் 7 என்ற கார்டிலும் இதே இரண்டு கட்டைகள்தான் (ஃபிளாட் என்றால் ஒரு கட்டை கீழே; அதனால் பி-க்கு அங்கே சி ஃபிளாட் என்று பெயர்). ஜி7-க்குப் பதிலாக அதை வாசித்தாலும் சி-க்கு வந்து சேர்கிறது. அப்புறம், ப்ளூஸ் என்ற இசை வகையில், 7 கார்டு இன்னொரு கார்டில் போய்த் தீரும் என்ற இந்த விதியைத் தேடாதீர்கள். அங்கே சி7 எங்கும் போகாமல் அப்படியே நிற்கும்.