ரிவரில் ஏஸ் ஹையைக் கவிழ்த்தது குற்றமா?

இஸ்பேட்_ராஜா:
நேற்று வேறொரு இழையில் கணக்கன் என்கிற பெருமகனார், “நாலு பேர் லிமிட் ஹோல்டெமில் ரிவரில் ஏஸ் ஹையைக் கவிழ்ப்பவன் எதிராளிக்கு மொய் எழுதுகிறான்” என்று எழுதியிருந்தார். குத்தல் எனக்குத்தான் என்று தெரியும். அதனால் கையை முழுசாகவே சொல்லிவிடுகிறேன். போக்கர் புதுசு என்பவர்களுக்கு: ஹோல்டெமில் ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து பொதுச் சீட்டு. முதல் மூணு ஃப்ளாப், நாலாவது டர்ன், அஞ்சாவது ரிவர். கவிழ்ப்பது என்றால் சீட்டைப் போட்டு விலகுவது. ஏஸ் ஹை என்றால் ஜோடிகூட இல்லாமல் ஏஸ் மட்டுமே பெரிசாக உள்ள கை.

2-4 லிமிட், அதாவது பந்தயம் முதல் இரண்டு சுற்றில் 2, அடுத்த இரண்டில் 4 என்று கட்டுப்பட்டது. காசு கிடையாது, புளியங்கொட்டை. நான் பட்டன் (சீட்டுப் போடுபவர் இடம்), கையில் இஸ்பேட் ஏஸ், டைமன் பத்து. முதல் ஆள் கவிழ்த்தார், நான் ரெய்ஸ் (பந்தயத்தை 4 ஆக ஏற்றினேன்). ஸ்மால் ப்ளைண்டில் (சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக 1 போடும் இடம்) என் வீட்டுக்காரம்மா கவிழ்த்தார். பிக் ப்ளைண்டில் (அப்படியே 2 போடும் இடம்) மச்சான், கால் (அதே தொகைக்கு ஈடு கட்டினான்). ஃப்ளாப்பில் ஆட்டின் (ஹார்ட்ஸ்) ராஜா, ஆட்டின் எட்டு, க்ளாவர் மூணு. அவன் செக் (பந்தயம் வைக்காமல் விட்டான்), நான் 2, அவன் கால். டர்ன் இஸ்பேட் அஞ்சு. செக், நான் 4, கால். ரிவர் டைமன் ரெண்டு. அதுவரை ஊமையாக இருந்தவன் திடீரென்று 4 வைக்கிறான். பாட்டில் (நடுவில் குவிந்த மொத்தத்தில்) 24. கவிழ்த்துவிட்டேன். இதில் என்ன தப்பு?

கணக்கன்_64:
முதல் தப்பு 24. பாட்டில் இருந்தது 25. ஃப்ளாப்புக்கு முன் நீங்கள் 4, மச்சான் 4, வீட்டம்மா 1, ஆக 9. ஃப்ளாப்புக்குப் பின் 13, டர்னுக்குப் பின் 21, அவர் வைத்த 4 சேர்த்து 25. கூட்டல் வராதவர் ஏஸைக் கவிழ்த்ததில் ஆச்சரியமில்லை.

4 போட்டு 25 எடுக்கலாம். 29-இல் 4, அதாவது 13.8 சதவீதம். ஏழே கால் தடவையில் ஒரே ஒரு தடவை மச்சான் புளுகியிருந்தால் போதும், உங்களுக்கு நட்டமில்லை.

புதுக்கை:
ஒரு சந்தேகம். இந்த மாதிரி ஆள் குறைந்த ஆட்டத்தை ஷார்ட்-ஹாண்டட் என்கிறார்களே, அது எத்தனை பேர்? ஆறு பேரையும் அப்படித்தான் சொல்கிறார்கள், நாலு பேரையும் அப்படித்தான் சொல்கிறார்கள். எதை வைத்துப் பேசுகிறோம்?

இஸ்பேட்_ராஜா:
24தான். வீட்டுக்காரம்மா கவிழ்த்ததும் தன் ஒரு கொட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

கணக்கன்_64:
எடுத்துக்கொண்டாரா! ப்ளைண்டைத் திரும்ப எடுக்கிற ஆட்டத்துக்குப் பேர் ஹோல்டெம் இல்லை சார், பல்லாங்குழி. ப்ளைண்ட் போட்டால் அது பாட்டுடையது. 25.

ரம்மி_ரசிகை:
பல்லாங்குழியில் தோற்றவர்தான் அதைக் கேலி செய்வார். நாங்கள் 13 சீட்டு ரம்மியில் கை சரியில்லை என்றால் முதல் டிராப்பிலேயே 20 புள்ளியோடு இறங்குவோம். பாதியில் இறங்கினால் 40, கடைசி வரை பிடிவாதம் பிடித்தால் 80. கவிழ்க்கத் தெரிந்தவன்தான் ஆட்டக்காரன். ராஜா அண்ணன் செய்தது சரி.

கணக்கன்_64:
அம்மா, ரம்மியில் பாட் கிடையாது. இங்கே ஏற்கெனவே 25 குவிந்து கிடக்கிறது, கேட்பது வெறும் 4. லிமிட்டில் இதைவிட அதிகம் கேட்கவும் முடியாது. நோ-லிமிட்டாக இருந்து மச்சான் மொத்தத்தையும் தள்ளியிருந்தால் நானும் கவிழ்ப்பேன்.

சரி, மச்சான் கையில் என்ன இருக்கலாம் என்று எண்ணிப் பார்ப்போம். இரண்டு ஆட்டினை வைத்துக்கொண்டு ஃப்ளஷுக்குக் (ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு) காத்திருந்தார் என்று வைப்போம். ஆட்டினில் ராஜாவும் எட்டும் போக 11 சீட்டு. ஏஸ், அஞ்சு, மூணு, ரெண்டைத் தள்ளுங்கள், அவை உங்களை ஜெயித்துவிடலாம். மிச்சம் ராணி, ஜாக்கி, பத்து, ஒன்பது, ஏழு, ஆறு, நாலு. இந்த ஏழில் இரண்டிரண்டாக எடுத்தால் 21 கை. அதில் ஆறு-நாலு மட்டும் ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு) ஆகிவிடுகிறது. பாக்கி 20-ம் ஃப்ளஷ் வராத வெறுங்கை, உங்கள் ஏஸுக்குக் கீழே. ராஜாச் சீட்டும் கூடவே நல்ல சீட்டும் கையில் இருந்தால் டர்னிலேயே ரெய்ஸ் அடித்திருப்பார்.

இஸ்பேட்_ராஜா:
20 கையாம்! அந்த 20-லும் அவன் பிக் ப்ளைண்டில் கால் போடுவானா? போட்டாலும் ரிவரில் எல்லாவற்றையும் வைத்துப் புளுகுவானா? 12 வருஷமாக அவனோடு ஆடுகிறேன். அவனுக்குப் புளுகவே வராது. அந்த ரெண்டு அவனுக்கு ஜோடி ஆகியிருக்கலாம். கணக்கு ஆளைப் பார்க்காது, நான் பார்ப்பேன். அப்புறம், பாட் 24.

தூங்காநகரம்:
மாமா, நான்தான், உங்கள் மச்சான். நீங்கள் கவிழ்த்த பிறகு நான் காட்டிய சீட்டை மட்டும் ஏன் எழுதவில்லை? ஆட்டின் ஜாக்கி, ஆட்டின் ஒன்பது.

கணக்கன்_64:
😂😂 12 வருஷ அனுபவம்!

இஸ்பேட்_ராஜா:
ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்று நேற்று அதே இழையில் எழுதியது யார், கணக்கன் சார்? இன்று மட்டும் இனிக்கிறதோ?

கணக்கன்_64:
காட்டிய சீட்டை நான் ஆதாரமாகச் சொல்லவில்லை, சிரிக்கத்தான் செய்தேன். என் ஆதாரம் 25.

இஸ்பேட்_ராஜா:
மச்சான், அன்று எண்ணிப் பார்த்து 24 என்று நீதானே சொன்னாய்?

தூங்காநகரம்:
25. அக்கா கை நீட்டினாள், எடுக்க நான் விடவில்லை.

சும்மா_பார்ப்பவன்:
இவ்வளவு சண்டை எதற்கு? 2015 ஜனவரியில் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தார் செஃபியஸ் என்ற நிரலை வெளியிட்டு, லிமிட் ஹோல்டெமை ஏறக்குறைய முழுசாகத் தீர்த்துவிட்டோம் என்று சயின்ஸ் இதழிலேயே எழுதிவிட்டார்கள். அதைக் கேட்டால் முடிந்தது.

இஸ்பேட்_ராஜா:
அது இரண்டே பேர் ஆடும் லிமிட். நாங்கள் நாலு பேர். படித்துவிட்டு வரவும்.

கணக்கன்_64:
ஃப்ளாப்பில் நீங்களும் இரண்டே பேர்தான்! மற்ற இருவரும் காபி போடப் போயிருப்பார்கள்.

சும்மா_பார்ப்பவன்:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

கணக்கன்_64:
நீங்கள் சொல்லவில்லை, நான் சொன்னேன். செஃபியஸை அப்படியே இங்கே ஒட்டவும் முடியாது. இரண்டு பேர் ஆட்டத்தில் பட்டன்தான் ஸ்மால் ப்ளைண்ட். இங்கே ஸ்மால் ப்ளைண்ட் மூணாவது ஆள், அவர் விட்டுப்போன 1 பாட்டில் கிடக்கிறது. மறுபடியும் அந்த ஒரு கொட்டைக்கே வந்துவிட்டோம் பாருங்கள்.

ரம்மி_ரசிகை:
அதே இழையில் என்னை “டிராப் ராணி” என்றாரே கணக்கன், அதற்கு இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

கணக்கன்_64:
இது போக்கர் இழை.

இஸ்பேட்_ராஜா:
சரி, 25 என்றே வைத்துக்கொள்வோம். 24 என்றால் ஏழில் ஒன்று, 25 என்றால் ஏழே காலில் ஒன்று. இந்தக் கால் வித்தியாசத்துக்கா இவ்வளவு துள்ளல்?

கணக்கன்_64:
ஆக, 25 என்று ஒப்புக்கொண்டீர்கள். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இஸ்பேட்_ராஜா:
“வைத்துக்கொள்வோம்” என்றுதான் சொன்னேன். தமிழ் தெரியாதா? 24.

புதுக்கை:
அண்ணன்களே, ஷார்ட்-ஹாண்டட் என்றால் எத்தனை பேர்?

தூங்காநகரம்:
மாமா, அக்காவிடமே கேட்டுவிட்டேன். எடுத்தது ஒன்று இல்லையாம், இரண்டாம்.

கணக்கன்_64:
அப்படியானால் அது திருட்டு. பாட் கணக்கில் வராது. 25.