புதுப்பிப்பு: பச்சை விளக்கு எரிந்தும் போர்டு செத்த கதை

போன முறை எழுதியது இதுதான்: உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் மணிக்கட்டுப் பட்டை கட்டித்தான் சர்க்யூட் போர்டில் வேலை செய்கிறேன், காலையில் பட்டையைச் சோதிக்கும் டெஸ்டரில் பச்சை விளக்கும் எரிகிறது, ஆனாலும் போர்டில் இருக்கும் மாஸ்ஃபெட்கள் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்கள்) ஒவ்வொன்றாகப் போகின்றன. பலரும் பட்டையைத் தரையோடு இணைக்கும் வயரைப் பார்க்கச் சொன்னீர்கள். நான்தான் நம்பவில்லை.

வயரேதான். மல்டிமீட்டரை இரு முனையிலும் பிடித்தேன்; 1 மெகா ஓம், அதாவது உள்ளே இருக்கும் பாதுகாப்பு ரெசிஸ்டர், சரியாகக் காட்டியது. அப்புறம் பட்டையில் மாட்டும் பொத்தானுக்குப் பக்கத்தில் வயரை லேசாக வளைத்தேன். ரீடிங் காணாமல் போனது. நிமிர்த்தினால் திரும்பி வந்தது. டெஸ்டரில் கையை ஆட்டாமல் நிற்பேன், அதனால் பாஸ். மேசையில் கை நீட்டும்போதெல்லாம் தரை இணைப்பே இல்லை. நிலைமின்சாரம் மனிதருக்குச் சுரீரென்று உறைக்கவே ஏறக்குறைய 3000 வோல்ட் வேண்டும். சில பாகங்கள் கெட்டுப்போக 100 வோல்ட்டுக்குக் கீழேயே போதும். எனக்கு எதுவும் தெரியாமல் போனதில் வியப்பில்லை.

இன்னொன்று, கொஞ்சம் வெட்கம்: நிலைமின்சாரத்தைக் கடத்தும் மேசை விரிப்பின் தரை வயரைப் பெயின்ட் அடித்த ஸ்க்ரூவில் முடுக்கியிருந்தேன். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது; சுரண்டிவிட்டு மாட்டியாயிற்று.

இப்போது வேலை நேரம் முழுக்க இணைப்பைக் கவனிக்கும் மானிட்டர் வைத்திருக்கிறேன், இரட்டை வயர் வகை. முதல் நாளே ஓயாமல் கத்தியது. காரணம் என் வறண்ட தோல்; பட்டையோடு மின் தொடர்பு சரியாகக் கிடைக்கவில்லை. பட்டையை இறுக்கி, கையில் அதற்கான லோஷன் தடவியதும் அடங்கியது.

மூன்று வாரமாக ஒரு மாஸ்ஃபெட்டும் போகவில்லை.