ஆசை வந்தும் கட்டாமல் விட்டவர்கள்

பெருந்துறைக்காரன்

ஏமாந்தவர்கள் கதை நிறையக் கேட்டாகிவிட்டது. ஆசை வந்தும், பயம் வந்தும், கடைசியில் பணத்தைக் கொடுக்காமல் விட்டவர்கள் எப்படி விட்டார்கள் என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். நானே ஆரம்பிக்கிறேன்.

2010, 11 வாக்கில் எங்கள் பக்கம் எந்தக் காட்டுக்குப் போனாலும் கம்பிவேலிக்குள் ஈமு நிற்கும், நெருப்புக்கோழி மாதிரிப் பெரிய பறவை. ஒன்றரை லட்சம் கட்டினால் குஞ்சு, கொட்டகை, தீவனம் எல்லாம் அவர்களே தருவார்கள், மாதாமாதம் வளர்ப்புக் கூலி, வருடம் முடிந்தால் போனஸ். விடிகாலையில் எழுந்து நாலு மாட்டைக் கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவனுக்கு இதைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குப் பணம் தவறாமல் வந்தது, பாஸ்புக்கை நானே பார்த்தேன். அப்பா ஏஜெண்டிடம் கேட்டது ஒன்றுதான்: “ஏனுங்க, இந்தக் கறிய யாருங்க திங்கறாங்க?” எண்ணெய், தோல், இறகு எல்லாம் வெளிநாடு போகிறது என்றார் அவர். “அப்ப வித்த பில்லு ஒண்ணு காட்டுங்க.” அதற்குப் பதில் இல்லை, மறுபடியும் பக்கத்துத் தோட்டத்துப் பாஸ்புக்குக்கே வந்து நின்றார். நாங்கள் கட்டவில்லை. மாமா வீட்டில் எங்களைப் பொழைக்கத் தெரியாதவர்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். 2012-ல் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்தபோது பறவைகளுக்குத் தீவனம் போட ஆளில்லாமல் அரசாங்கமே போட வேண்டி வந்தது. புதிதாகக் கட்டுகிறவன் காசுதான் பழையவனுக்குக் கூலியாகப் போயிருக்கிறது, வேறெங்கிருந்து வரும்?

அம்பத்தூர் அக்கா

அண்ணன் சொன்ன பாஸ்புக் இப்போது போனுக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். குழந்தை பிறந்து வேலையை விட்டிருந்த நேரம். வாட்ஸ்அப்பில் ஒரு பெண், கூகுள் மேப்பில் ஹோட்டல்களுக்கு அஞ்சு ஸ்டார் போட்டால் ஒன்றுக்கு ஐம்பது ரூபாய் என்றாள். மூன்று போட்டேன், 150 ரூபாய் உண்மையாகவே வந்தது. அந்தச் சந்தோஷத்தை இப்போதும் மறுக்க மாட்டேன், சொந்தமாகக் காசு பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. அப்புறம் டெலிகிராம் குரூப். அங்கே ஒரு ‘டியூட்டர்’, காலையில் குட்மார்னிங், மதியம் “சாப்டீங்களா அக்கா, பாப்பா தூங்கிச்சா”. என் வீட்டில்கூட யாரும் அப்படிக் கேட்டதில்லை, அதுதான் கொடுமை. அடுத்தது ப்ரீபெய்டு டாஸ்க்: ஆயிரம் போட்டால் ஆயிரத்து முந்நூறு. குரூப்பில் ஒவ்வொருவராகப் பணம் வந்த ஸ்கிரீன்ஷாட் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ராத்திரி பாப்பாவைத் தட்டிக்கொண்டே அதையெல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். நாலு பேர், நாலு பெயர், ஆனால் எல்லாவற்றிலும் மேலே அதே மணி, அதே பேட்டரி சதவீதம். ஒரே போன்!

பணம் போடவில்லை என்றதும் டியூட்டரின் குரல் மாறியது. “நீங்க முடிக்காததால உங்க டீம்ல மூணு பேர் பணம் மாட்டிக்கிச்சு” என்று மற்றவர்களை விட்டு என்னிடம் கெஞ்ச வைத்தார்கள், ஒருத்தி மாமியாருக்கு ஆபரேஷன் என்று அழுதாள். ஆசையைக்கூடத் தள்ளிவிடலாம் போல, நம்மால் இன்னொருவர் கஷ்டப்படுகிறார் என்று சொன்னால்தான் கை போனுக்குப் போகிறது. பிளாக் பண்ணிவிட்டேன். இன்னொரு விஷயம், அந்த 150 ரூபாயைச் சும்மா கிடைத்த லாபம் என்று நினைக்காதீர்கள். இப்படி அனுப்பும் காசு பல நேரம் வேறு யாரோ ஏமாந்த பணம். அவர் புகார் கொடுத்தால் அது போய்ச் சேர்ந்த கணக்குகளையெல்லாம் முடக்குகிறார்கள், நம்முடையதும் அதில் மாட்டலாம்.

திருச்சி டீச்சர்

எனக்கு ஆசை காட்டவில்லை, பயம் காட்டினார்கள். உங்கள் ஆதார் எண்ணில் மும்பையிலிருந்து போதைப்பொருள் பார்சல் போயிருக்கிறது என்று போன், பிறகு வீடியோ காலில் காக்கிச் சட்டை, பின்னால் போலீஸ் சின்னம். உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், கேமராவை விட்டு நகரக் கூடாது, பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களையும் வழக்கில் சேர்ப்போம். கை நடுங்கியது உண்மை. ஆனால் அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை நிறுத்தியது. ‘வீட்டில் சொல்லாதே’ என்று யார் சொன்னாலும் முதலில் வீட்டில் வந்து சொல்லு என்று எத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்! “சார், ஸ்டேஷன் எங்க தெருமுனையிலதான் இருக்கு, நேரா வந்துடறேன்” என்றேன். கத்தினான் பாருங்கள், மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. கட் பண்ணிவிட்டு மகனைக் கூப்பிட்டேன்.

வீடியோ காலில் கைது செய்கிற சட்டமே நம் நாட்டில் கிடையாது, 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைப் பற்றிப் பேசினார். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் போகிற வழியிலேயே தடுக்க முடியும்.

ராம்நாடு தம்பி

அக்கா, அந்த டியூட்டர் ஒருவேளை என்னைப் போல வேலை தேடி, ஆனால் போய் மாட்டிக்கொண்டவனாகக்கூட இருக்கலாம். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, நல்ல சம்பளம், டிக்கெட் இலவசம் என்று என்னிடமும் ஒரு ஏஜெண்டு வந்தார். அப்படிப் போனவர்களை மியான்மர் எல்லைக்குள் மியாவாடிக்குக் கடத்திக்கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, அடித்து, இதே மாதிரி மெசேஜ் அனுப்ப வைத்தார்கள். 2022-ல் தமிழ்நாட்டுப் பையன்களும் அங்கிருந்து மீட்கப்பட்டு வந்தார்கள். டிக்கெட் இலவசம் என்றதும் எங்கள் அம்மாவே பெட்டி கட்டச் சொல்லிவிட்டார். நான் ஏஜெண்டிடம் விசாவை மட்டும் கேட்டேன். டூரிஸ்ட் விசாவில் போய் இறங்கி அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றார். வேலைக்குக் கூப்பிடுகிறவன் வேலை விசா ஏன் தர மாட்டேன் என்கிறான்? வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டுகளின் பதிவு இருக்கும் மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் தேடினால் அவர் பெயரில் பதிவே இல்லை. போகிற யோசனையில் இருப்பவர்கள் ஏஜெண்டின் பதிவு எண்ணை வாங்கி அங்கே போட்டுப் பாருங்கள், பெரிய வேலை ஒன்றும் இல்லை.